மேலே போன ஆயில்

ஜூன் 8, ஞாயிறு

இந்த டைரி பைப் கடைக்காரர் புத்தாண்டுக்குக் கொடுத்தது. ஐந்து மாதமாகக் காலியாகக் கிடந்தது. இன்று முதல் வண்டிக்கென்று எழுதப்போகிறேன். பம்ப்செட் கம்பெனியில், டெஸ்டிங்கில், முப்பத்திரண்டு வருடம் இருந்தேன். நோட்டில் ஏற்றாமல் ஒரு பம்ப்பைக்கூட நான் வெளியே விட்டதில்லை. நாச்சிமுத்து கையெழுத்து இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்று பொள்ளாச்சிப் பக்கத்து விவசாயிகளே சொல்வார்கள்.

வண்டி: இங்கிலாந்து, 1961. இரண்டே சீட். கூரை கிடையாது. சிவப்பு. ஒரு மில் முதலாளி வீட்டு ஷெட்டில் இருபது வருடம் கோழி அடைந்த வண்டி. நான்கு வருடத்துக்கு முன், எடுத்துக்கொண்டு போனால் போதும் என்றார்கள். போய்ப் பார்த்தபோது டிரைவர் சீட்டில் ஏழு முட்டை இருந்தது. "கார் வாங்கறன்னு போயி முட்டை வாங்கீட்டு வந்திருக்கறீங்க" என்றாள் என் மனைவி வசந்தாமணி. அன்றைக்கே வண்டிக்குப் பெயரும் வைத்துவிட்டாள். சின்னவ. தான் மூத்தவளாம்.

நோக்கம்: செப்டம்பர் 4, எங்கள் கல்யாண நாள். முப்பத்தாறாவது. அன்றைக்கு இந்த வண்டியில் கோத்தகிரி மலை ஏறி, பக்கத்து சீட்டில் வசந்தாவை உட்கார வைத்துக் கோயமுத்தூருக்குக் கூட்டி வந்துவிட வேண்டும். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள என்று கோத்தகிரியில் மகள் தாரணி வீட்டுக்குப் போனவள். மூன்றரை வருடம் ஆகிவிட்டது. பேரன் இப்போது எல்கேஜி போகிறான். இனிமேல் அங்கே அவளுக்கு என்ன வேலை?

யாருக்கும் சொல்லவில்லை. வண்டி போய் வாசலில் நிற்கும்போது தெரிந்துகொள்ளட்டும்.

ஆயில் அழுத்தம், சூடான பிறகு: ஐம்பது பவுண்டு. ஸ்லோவில், நின்றபடி ஓடவிடும்போது: இருபது. இஞ்சினின் மேல்பகுதி ஹெட்டில் டக் டக் என்று சத்தம் அதிகம்.

ஜூன் 9

மழை. ஷெட் ஒழுகுகிறது. வாளி வைத்தேன்.

ஜூன் 14, சனி

ஆயில் அழுத்தம் காட்டும் புது கேஜ் மாட்டினேன். பழையது பொய் சொல்கிறதோ என்று சந்தேகம். இல்லை, உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது.

வசந்தாவுக்கு போன். நான்கு நிமிடம். கேஜ் வாங்கியதைச் சொன்னேன். மாம்பழம் ஒரு பெட்டி காலை பஸ்ஸில் போட்டிருப்பதைச் சொன்னேன், கண்டக்டர் பெயரையும் சொன்னேன். போன மாதம் அனுப்பிய பெட்டியே திரும்பி வரவில்லை, மரப்பெட்டி, நல்ல பெட்டி, அதையும் சொன்னேன். அவள் ஏதோ கேட்க ஆரம்பித்தாள். பார்க்கலாம், பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

டிரங்க் கால் காலத்துப் பழக்கம் எனக்கு. மூன்று நிமிடத்துக்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வைத்துவிட வேண்டும். அதிகம் பேசினால் செப்டம்பர் சங்கதி வாயில் வந்துவிடும் என்ற பயமும் உண்டு.

ஜூன் 22, ஞாயிறு

சத்தத்துக்குக் காரணம் கண்டுபிடித்தேன்.

இஞ்சினில் ஆயில் அடியில் ஒரு தொட்டியில் கிடக்கிறது. சம்ப் என்பார்கள். அங்கிருந்து பம்ப் இழுத்து, முதலில் கீழே சுழலும் தண்டைத் தாங்கும் கிராங்க் பேரிங்குகளுக்குக் கொடுக்கிறது. மிச்சம்தான் மேலே ஹெட்டுக்குப் போகிறது. அங்கே வால்வுகளைத் தட்டித் திறக்கும் ராக்கர்கள் இருக்கின்றன. அறுபது வருடத்து வண்டி. மேலே போகும் வழி தேய்ந்து, ஆயில் போதுமான அளவு ஏறவில்லை. ராக்கர்கள் காய்ந்துபோய்க் கத்துகின்றன.

இதைக்கூடச் சரிசெய்யத் தெரியாவிட்டால் நான் எதற்குப் பம்ப்காரன்? நானூறு அடி ஆழத்திலிருந்து தண்ணீரை மேலே தூக்கிக் காட்டியவன் நான். கேஜுக்குப் போகும் இடத்தில் ஒரு கிளை எடுத்து, வெளிப்பக்கமாகக் காப்பர் பைப் ஒன்றை நேராக ஹெட்டுக்கு விடப்போகிறேன்.

ஜூன் 29, ஞாயிறு

விட்டாயிற்று. கால் அங்குல காப்பர் பைப், ஒரு சுருள் போட்டு, அழகாக. ஸ்டார்ட் செய்ததும் பத்து விநாடியில் சத்தம் நின்றுவிட்டது. அப்படி ஒரு சுகம். அரை மணி நேரம் சும்மாவே ஓடவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன்.

நிறுத்திய பிறகு வீடு மிகவும் அமைதி. இந்த அமைதி எனக்குப் பிடிக்கவில்லை. ஃபிரிட்ஜ் ஓடுவதுகூடக் கேட்கிறது. இரவுச் சாப்பாட்டுக்கு ரசம் வைத்தேன். இரண்டு பேருக்கு வைத்துவிட்டேன்.

ஜூலை 6, ஞாயிறு

மருதமலைக்கு ஓட்டிப் பார்த்தேன். கோத்தகிரிக்கு முன்னால் சின்ன மலை ஒன்றில் சோதிப்பது நல்லது.

ஏறும்போது பரவாயில்லை. இறங்கும்போது ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து மறுபடி மிதித்தால் பின்னால் நீலப் புகை. ஸ்கூட்டரில் வந்த ஒருத்தர் பக்கத்தில் வந்து, "ஏனுங், கொசு மருந்து வண்டிங்களா?" என்று கேட்டார். அவர் மனைவி பின்சீட்டில் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

புகைகூடப் போகட்டும். வளைவுகளில் கேஜ் முள் விழுகிறது. ஐம்பதிலிருந்து பதினைந்து. திரும்பி நேரானதும் மறுபடி ஏறுகிறது. சம்பில் ஆயில் குறைவாக இருந்து, வளைவில் ஒரு பக்கம் ஒதுங்கும்போது பம்ப் காற்றை இழுக்கிறது என்று அர்த்தம். வீட்டுக்கு வந்ததும் ஆயில் அளவு காட்டும் டிப்ஸ்டிக் கம்பியை எடுத்துப் பார்த்தேன். பாதிதான் இருக்கிறது. கிளம்பும்போது முழுசாக இருந்தது.

ஜூலை 7

காலையில் கம்பியைப் பார்த்தேன். முழுசாக இருக்கிறது.

நான் ஊற்றவில்லை. யாரோ வந்து ஊற்றி வைத்துவிட்டுப் போன மாதிரி இருக்கிறது. இந்த வீட்டில் அப்படிச் செய்ய யார் இருக்கிறார்கள்? மூன்று தடவை துடைத்துத் துடைத்துப் பார்த்தேன்.

ஜூலை 13, ஞாயிறு

போன். தாரணிதான் எடுத்தாள்.

"அப்பா, அம்மாகிட்டக் கொஞ்ச நேரம் பேசுங்கப்பா."

"வாராவாரம் பேசிக்கிட்டுத்தான இருக்கறேன்."

"நீங்க பேசறீங்கப்பா" என்று சொல்லிவிட்டு போனை அவளிடம் கொடுத்துவிட்டாள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் எதையும் முழுசாகச் சொல்வதில்லை.

வசந்தாவிடம் புகை விஷயத்தைச் சொன்னேன். வெள்ளைப் புகை என்றால் தண்ணீர், கறுப்பு என்றால் பெட்ரோல், நீலம் என்றால் ஆயில் எரிகிறது என்று விளக்கினேன். மிக்ஸி ஒன்று அனுப்பியிருக்கிறேன், மூன்று ஜார் உள்ளது, அதையும் சொன்னேன். மூன்று நிமிடம் இருபது விநாடி.

ஜூலை 20, ஞாயிறு

சம்பில் குறைகிறது என்றால் கூடுதலாக ஊற்றிவிட்டால் போகிறது என்று கணக்குக்கு மேல் ஒரு லிட்டர் ஊற்றினேன். மருதமலை. வளைவில் முள் விழவில்லை. ஆனால் புகை முன்பைவிட மோசம். அடிவாரத்தில் பூக்கடைக்காரம்மா மாலைகளின் மேல் ஈரத்துணியைப் போட்டு மூடிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தது. இறங்கிப் போய் மன்னிப்புக் கேட்டு, வேண்டாத மல்லிகை நான்கு முழம் வாங்கிக்கொண்டு வந்தேன்.

பூவை யாருக்கு வைப்பது? வண்டிக்கே வைத்தேன். வசந்தா பார்த்திருந்தால் சின்னவளுக்குப் பூவைப் பார் என்று நாலு நாள் சொல்லிக்காட்டியிருப்பாள். யாராவது சொல்லிக்காட்ட மாட்டார்களா என்று இருக்கிறது.

ஜூலை 27, ஞாயிறு

ஸ்லோவில் அழுத்தம் எட்டு பவுண்டு. ஜூனில் இருபது இருந்தது. அடியிலிருந்து மெதுவாக ஒரு தட்டல் கேட்கிறது. அது பேரிங் சத்தமாக இருந்தால் கதை முடிந்தது. இந்த வண்டிக்குப் பேரிங் கப்பலில்தான் வரவேண்டும். செப்டம்பர் 4க்கு வராது.

மனசு சரியில்லை. அதனால் இதையும் எழுதிவிடுகிறேன்.

வசந்தா கிளம்பிய அன்று பத்தரை மணி பஸ். நான் வண்டிக்கு அடியில் படுத்திருந்தேன். சம்ப் பிளக்கைக் கழற்றிவிட்டு, பழைய ஆயில் வடிந்துகொண்டிருந்தது. அவள் கால் மட்டும்தான் தெரிந்தது. பச்சைக் கரைச் சேலை, பழுப்பு நிறச் செருப்பு.

"போயிட்டு வர்றனுங்க."

"ம். ஆட்டோவுல ஏறும்போது சில்லறை வெச்சுக்க."

அந்தக் கால் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு போய்விட்டது.

கையெல்லாம் கறுப்பு, எப்படி எழுந்திருப்பது என்று அன்றைக்கு நினைத்தேன். ஆயில் அதுபாட்டுக்கு வடியும். ஆள் பக்கத்தில் படுத்திருக்க வேண்டியதில்லை. இது எனக்கு அன்றைக்கும் தெரியும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. பக்கத்து வீட்டு சுலோசனா தட்டில் எலுமிச்சை சாதம், தேங்காய் சாதம், தயிர் சாதம் கொண்டு வந்து வைத்தது.

"அக்கா எப்பங்ணா வர்றாங்க?"

"அடுத்த மாசம்."

"அக்கா சொன்னாங்களா?"

"நான் சொல்றேன்."

தட்டைக் கழுவித் திருப்பிக் கொடுத்தேன். வெறும் தட்டாகக் கொடுக்கக்கூடாது என்று வசந்தா எதையாவது போட்டுத்தான் அனுப்புவாள். வீட்டில் சர்க்கரைதான் இருந்தது. ஒரு டம்ளர் போட்டேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கௌரவத்தை மூட்டைகட்டி வைத்துவிட்டு, கணபதி ஏரியாவில் இஞ்சின் ஹெட் பட்டறை வைத்திருக்கும் ஷாஜகானை வீட்டுக்கு வரச் சொன்னேன். நாற்பது வயது இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பிரியாணியை விட்டுவிட்டு வந்த கோபம் முகத்தில் தெரிந்தது. காப்பர் பைப்பைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"இதை யாருங்க சார் போட்டது?"

"நான்தான். மேல ஆயில் பத்தல."

"ஓடவிடுங்க. பத்து நிமிசம்."

பத்து நிமிடம் கழித்து நிறுத்தச் சொன்னார். சூடு ஆறும் முன்பே ராக்கர்களை மூடியிருக்கும் டேப்பட் கவரைக் கழற்றித் தூக்கினார். உள்ளே பார்த்தேன். ராக்கர்கள் பாதி வரை ஆயிலில் முழுகிக் கிடக்கின்றன. குளம் கட்டி நிற்கிறது. ஓரத்தில் வழிகிறது.

"பத்தலைன்னீங்களே, பாருங்க. ஊருப்பட்ட ஆயிலு மேலதான் இருக்குது. இது வால்வு வழியா உள்ள போயி எரியுது, அதான் உங்க புகை. அத்தனையும் மேல நின்னுக்கிச்சுன்னா கீழ பேரிங்குக்கு என்ன இருக்கும்?"

"ராத்திரியில கம்பி முழுசாயிடுதே?"

"கொஞ்சங்கொஞ்சமா ஒழுகி எறங்கியிருக்கும். விடியறவரைக்கும் எறங்கும். சார், மேல ஏத்தறதுக்கு இவ்வளவு பண்ணியிருக்கறீங்க. எறங்கற வழியப் பாத்தீங்களா?"

பார்க்கவில்லை. முப்பத்திரண்டு வருடம் தண்ணீரை மேலே ஏற்றுவது மட்டும்தான் என் வேலை. வயலுக்குப் போன தண்ணீர் திரும்பக் கிணற்றுக்கு வரவேண்டும் என்று எந்தப் பம்ப்காரனும் கவலைப்பட்டதில்லை. அங்கே தண்ணீர் போனால் போனதுதான். இங்கே அதே ஆயில்தான் போய்ப் போய் வரவேண்டும். இது எனக்குத் தெரியாத விஷயம் என்று சொல்லமுடியாது. யோசிக்காத விஷயம்.

ஷாஜகான் ஆயிலைத் துணியில் ஒற்றி எடுத்துவிட்டு, ஹெட்டின் பின்மூலையில் டார்ச் அடித்தார். அங்கே இறங்குதுளை ஒன்று இருக்கிறது. முன்மூலையில் இன்னொன்று. இரண்டும் கறுப்பு மண்டி அடைத்துத் தார்போல இறுகியிருந்தன. சைக்கிள் சக்கரத்து ஸ்போக் கம்பியை விட்டுக் குடைந்தார். பின்துளையிலிருந்து மண்டியோடு நீளமாக ஏதோ வந்தது. பனியன் வேஸ்ட் துணியில் துடைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

கோழி இறகு.

அவருக்கு அப்போதுதான் கோபம் போனது. விழுந்து விழுந்து சிரித்தார். வண்டி வந்தபோது டேப்பட் கவர் இல்லாமல்தான் வந்தது. மேலே தெரிந்ததையெல்லாம் நான் துடைத்துப் பளபளப்பாக்கினேன். துளைக்குள் பார்க்கவில்லை.

"அந்தப் பைப்பைக் கழட்டிருங்க சார்."

"அப்புறம் சத்தம் வருமே."

"கொஞ்சம் வரும். வரட்டும்ங்க. சத்தமே இல்லாத பழைய இஞ்சினப் பாத்தாத்தான் எனக்கு பயம்."

ஆகஸ்ட் 11

இறகை டைரியில் வைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 16, சனி

ஐந்து நாளாக மண்ணெண்ணெய், கம்பி, பிரஷ். சம்ப்பையும் இறக்கிக் கழுவினேன். பேரிங் மூடி ஒன்றைக் கழற்றிப் பார்த்தேன். கோடு விழுந்திருக்கிறது, ஆனால் தேறும்.

இன்று ஒரு சோதனை. வாழ்நாளில் முதல்முறையாகத் தலைகீழ்ச் சோதனை. மேலே ஹெட்டில் ஒரு லிட்டர் ஆயில் ஊற்றினேன். கீழே சம்ப் இருந்த இடத்தில் ஒரு பேசின் வைத்தேன். கம்பெனியில் கொடுத்த ஸ்டாப்வாட்சை அமுக்கினேன். பின்துளையில் மட்டும் சொட்டுச் சொட்டாக வருகிறது. முழுசும் இறங்கப் பதினொன்றரை நிமிடம். உள்ளே இன்னும் அடைப்பு இருக்கிறது.

ஆகஸ்ட் 17

ஏழு நிமிடம்.

ஆகஸ்ட் 19

மூன்று நிமிடம் பத்து விநாடி.

ஆகஸ்ட் 23, சனி

முப்பத்தெட்டு விநாடி. இரண்டு துளையிலும் நூல் பிடித்தாற்போல் இறங்குகிறது. பேசினுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, வேண்டுமென்றே இன்னும் நான்கு தடவை ஊற்றி வேடிக்கை பார்த்தேன். பம்ப் மேலே கொண்டுபோவதைப் பார்த்துத்தான் எனக்குப் பழக்கம். இறங்கி வருவதைப் பார்ப்பதும் நன்றாகத்தான் இருக்கிறது.

காப்பர் பைப்பைக் கழற்றி, துளைக்கு போல்ட் போட்டு மூடிவிட்டேன். மனசு கேட்கவில்லை, அவ்வளவு அழகான சுருள்.

ஆகஸ்ட் 30, சனி

மருதமலை. புகை இல்லை. எல்லா வளைவிலும் நாற்பத்தைந்துக்குக் கீழே முள் போகவில்லை. ஸ்லோவில் பதினெட்டு. டக் டக் சத்தம் கொஞ்சம் இருக்கிறது. பூக்கடைக்காரம்மா என்னைப் பார்த்ததும் ஈரத்துணியை எடுத்தது. தேவைப்படவில்லை.

வசந்தாவுக்கு போன். கோழி இறகு கதையைச் சொன்னேன். "அப்படிங்களா" என்றாள். இரண்டு நிமிடம் நாற்பது விநாடி. இப்போதெல்லாம் அவள் எதுவும் கேட்பதில்லை. எனக்கும் நிம்மதி, ரகசியம் தப்பியது.

செப்டம்பர் 3, புதன்

பக்கத்து சீட்டுக்குப் புது உறை. அவளுக்கு இடுப்புவலி உண்டு, அதனால் பின்னால் இரண்டு அங்குலம் ஸ்பாஞ்ச் கூடுதலாக வைத்துத் தைக்கச் சொன்னேன். மேலே கூரை இல்லையே, காற்றுக்குத் தலையில் கட்ட ஒரு ஸ்கார்ஃப் வாங்கினேன். கடைக்காரப் பெண் என்ன நிறம் என்று கேட்டது. பச்சை என்றேன்.

வீட்டைக் கழுவிவிட்டேன். அவள் பக்கத்து அலமாரியில் ஒரு தட்டு காலி செய்தேன். என் சாமான்கள் எப்போது அங்கே போயின என்று தெரியவில்லை.

செப்டம்பர் 4, வியாழன்

6.10 கிளம்பினேன். 58 பவுண்டு, இஞ்சின் சூடாகும் முன்.

மேட்டுப்பாளையம்: 50.

மலை ஆரம்பம்: 50.

குஞ்சப்பனை செக்போஸ்ட்: 46. போலீஸ்காரர் போட்டோ எடுத்துக்கொண்டார்.

அரவேணு: 46. கையெல்லாம் விறைத்துவிட்டது. ஆனால் முள் அசையவில்லை. அழுகை வந்தது, குளிரால் என்று வைத்துக்கொள்கிறேன்.

9.25. வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தேன். வசந்தா கையில் மாவோடு ஓடிவந்தாள். நரை கூடியிருக்கிறது. பொங்கலுக்கு அவள் ஊருக்கு வந்தபோது இவ்வளவு இல்லை. "ஐயோ, சின்னவ மலை ஏறிட்டாளா!" என்றாள். பேரன் ஸ்கூலுக்குப் போகமாட்டேன் என்று ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்கினான். வேலைக்குக் கிளம்பியிருந்த தாரணி எங்கள் இருவரையும் வண்டியில் உட்கார வைத்து போட்டோ எடுத்தாள். தெருவே கூடிவிட்டது. நான் பானட்டைத் திறந்து எல்லாருக்கும் ஆயில் ஏறும் வழியையும் இறங்கும் வழியையும் காட்டினேன். எல்லாரும் போன பிறகு வசந்தாவுக்கு மறுபடி முதலிலிருந்து காட்டினேன்.

மணி 1.40. சாப்பிட்டாயிற்று. பருப்புப் பாயசம். பேரன் தூங்குகிறான். நான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். அவள் சமையலறையில் பாத்திரம் கழுவுகிறாள். அங்கிருந்தே ஏதோ சொல்லிக்கொண்டிருக்கிறாள். காபி வந்ததும் கேட்டுவிடுவேன். வாயில் வார்த்தை தயாராகத்தான் இருக்கிறது. ஜன்னலில் மேகம் இறங்குகிறது. மூன்று மணிக்குள் கிளம்பினால்தான் வெளிச்சத்தில் இறங்க முடியும். கூரை இல்லாத வண்டி.

காபி கொண்டு வருகிறாள். கேட்கிறேன்.

செப்டம்பர் 5, வெள்ளி

நோட்டை மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டீர்கள். வண்டிக் கணக்குதானே என்று திறந்தேன். இறகு கீழே விழுந்தது, எடுத்து அதே இடத்தில் வைத்துவிட்டேன். முழுவதும் படித்தேன். சனிக்கிழமை மாப்பிள்ளை கோயமுத்தூர் வருகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். நீங்கள் விட்டதைச் சேர்த்து எழுதுகிறேன். உங்களுக்குக் கணக்கு சரியாக இருக்க வேண்டுமல்லவா.

ஜூன் 14: நான் ஏதோ கேட்க ஆரம்பித்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆரம்பிக்கவில்லை, முழுசாகவே கேட்டேன். "நான் ஊருக்கே வந்துடட்டுங்களா" என்று கேட்டேன். பார்க்கலாம் பார்க்கலாம் என்றீர்கள். நீங்கள் வேண்டாம் என்று நினைப்பதாக எடுத்துக்கொண்டேன்.

ஜூலை 13: பையன் ஸ்கூலுக்கும் இவர்கள் வேலைக்கும் போய்விட்டால் பகல் முழுக்க இந்த வீட்டில் நான் மட்டும்தான், சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னேன். நீங்கள் புகைக்கு எத்தனை நிறம் என்று சொன்னீர்கள். மிக்ஸி பெட்டியைப் பிரிக்கவில்லை. நீங்கள் அனுப்பியதில் இது மூன்றாவது மிக்ஸி.

ஆகஸ்ட் 30: நான் எதுவும் கேட்காதது உங்களுக்கு நிம்மதி. எத்தனை தடவைதான் கேட்பது. பக்கத்துத் தெருவில் பெண்களுக்குத் தையல் சொல்லிக்கொடுக்கக் கூப்பிட்டார்கள். முதல் தேதியிலிருந்து போகிறேன். ஒன்பது பேர் வருகிறார்கள். நேற்று பாத்திரம் கழுவிக்கொண்டே அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

செப்டம்பர் 4: காபி குடித்தீர்கள். மேகம் இறங்குகிறது என்றீர்கள். வண்டியில் ஏறினீர்கள். என்னைக் கூட்டிப்போகத்தான் வந்தீர்கள் என்பது இந்த நோட்டைப் படித்த பிறகுதான் எனக்குத் தெரியும். ஆனாலும் மனசு கேட்காமல், நீங்கள் கிளம்பும்போது நான் செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றேன். கையில் பை வைத்திருந்தேன். நீங்கள் கேஜைப் பார்த்துக்கொண்டே ரிவர்ஸ் எடுத்தீர்கள்.

பச்சை ஸ்கார்ஃப் வாங்கியதாக எழுதியிருக்கிறது. அதையும் கொடுக்கவில்லை.

இனி வரட்டுமா என்று நான் கேட்கமாட்டேன். தையல் வகுப்பும் இருக்கிறது, யோசிக்க வேண்டும். நீங்கள் கேளுங்கள். கேட்டுவிட்டு போனை வைத்துவிடாதீர்கள்.

வசந்தாமணி

செப்டம்பர் 7, ஞாயிறு

நேற்று மாப்பிள்ளை கொடுத்தார். நான்கு தடவை படித்தேன்.

2.10க்கு போன் செய்தேன். "வசந்தா, நீ வர்றியா?" என்று கேட்டேன். வேறு எதுவும் பேசக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

கட் ஆகிவிட்டதோ என்று போனைப் பார்த்தேன். விநாடி ஓடிக்கொண்டிருந்தது. பிறகு பேச ஆரம்பித்தாள்.

அவள் சொன்னது: போன சித்திரையில் இடுப்புவலிக்கு ஊசி போட்டது. ஒரு வாரம் எழுந்திருக்க முடியவில்லை. என்னிடம் சொன்னாளாம். பேரன் முதன்முதலில் சொன்ன வார்த்தை அம்மாயி, பாட்டியான அவளைத்தான். அதையும் சொன்னாளாம். கிளம்பிய அன்று காலை எனக்குப் பிடிக்குமென்று பணியாரம் சுட்டுத் தட்டு போட்டு மூடி வைத்துவிட்டுப் போனாளாம். நான் சாப்பிட்டேன், சுட்டது யார் என்று நினைத்தேனோ தெரியவில்லை. தையல் வகுப்பில் ஒரு பெண்ணுக்கு இடதுகைப் பழக்கம், கத்தரிக்கோல் பிடிக்கச் சொல்லித்தர முடியவில்லை.

இதற்கு நடுவில் எனக்கு நான்கு இடத்தில் பதில் இருந்தது. சொல்லவில்லை.

இப்போது மணி 3.05. இன்னும் பேசிக்கொண்டிருக்கிறாள். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. கல்யாணமான புதிதில் நான் அவள் அப்பாவிடம் பேசிய ஏதோ ஒன்றுக்கு வந்திருக்கிறாள். போனில் சார்ஜ் ஐந்து சதவீதம். சார்ஜர் வயர் குட்டை, உட்கார எட்டாது. சுவரோடு ஒட்டி நின்றுகொண்டு எழுதுகிறேன்.